ஓரத்தைத் தடவிப் பாருங்கள்

புளோரன்ஸ் போகிறோம் என்றதும் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள், லெதர் பேக் வாங்காமல் வந்துவிடாதே என்று. சான் லொரென்சோ சந்தைப் பக்கம் போனால் அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று புரிகிறது. தெரு முழுக்கத் தோல் பைகளும் பெல்ட்டுகளும் ஜாக்கெட்டுகளும் தொங்குகின்றன. ஆனால் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் எனக்கு அலுத்துவிட்டது. எல்லாக் கடையிலும் ஒரே மாதிரிப் பை, ஒரே மாதிரிச் சிவப்பு, தோல் நிஜம்தான் என்று காட்ட லைட்டரைப் பற்றவைத்து அதன் மேல் பிடிக்கும் அதே வித்தை. எது இந்த ஊரில் தைத்தது, எது வேறெங்கோ தைத்து இங்கே வந்து தொங்குகிறது என்பதெல்லாம் கடைக்காரர் சொன்னால்தான் உண்டு. அதனால் பை வாங்குவதற்கென்று எடுத்துவைத்திருந்த யூரோவை ஒரு பட்டறையில் கொடுத்து, ஒரு மதியம் முழுக்க அங்கே உட்கார்ந்து, ஒரு கார்டு ஹோல்டரை நானே வெட்டித் தைத்தேன். அந்தப் பயணத்தில் செய்த செலவுகளிலேயே எனக்கு அதிகம் பிடித்தது அதுதான், உஃபிட்சி அருங்காட்சியக டிக்கெட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தோல் எனக்குப் புதிதில்லை. வாணியம்பாடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது எப்படிப் புதிதாக இருக்கும்? தோல் ஷாப் (பதனிடும் ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வாசலில் லாரியிலிருந்து இறங்கும் உப்புத் தோல், குரோமியம் போட்டுப் பதனிட்டு ஈரத்தோடு நீல நிறத்தில் அடுக்கி வைத்திருக்கும் வெட் ப்ளூ தோல், காற்று திசை மாறினால் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் வாடை, எல்லாம் பார்த்தும் முகர்ந்தும் வளர்ந்ததுதான். என் தாய்மாமா செலக்‌ஷன் பார்ப்பவர், அதாவது வந்த தோலை ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பார்த்துத் தரம் பிரிப்பவர். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் ஒரு துண்டுத் தோலை எடுத்து ஒரு பொருளாக்கியதில்லை. தோல் வரும், பதனாகும், கட்டுக் கட்டாகப் போய்விடும், அவ்வளவுதான் எங்களுக்கும் அதற்கும்.

கூட வந்த அக்காவுக்கு முதலில் இதில் விருப்பமே இல்லை. "ஏண்டி, இதுக்கு இத்தாலி வரைக்கும் வரணுமா? மாமாகிட்ட கேட்டிருந்தா அவரே சொல்லிக் குடுத்திருப்பாரே" என்றாள். "மாமா தோலைப் பாத்துப் பிரிப்பாருக்கா, அவருக்குத் தைக்கத் தெரியாது" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, எனக்கும் சேத்துப் பேரு குடு என்றாள்.

பட்டறை இருந்தது ஆர்னோ ஆற்றின் தென்கரையில், ஓல்ட்ரார்னோ என்கிறார்கள் அந்தப் பகுதியை. சான்டோ ஸ்பிரிட்டோ தேவாலயத்தைத் தாண்டி உள்ளே போகும் சந்துகளில் இன்னமும் படங்களுக்குச் சட்டம் செய்பவர்கள், மர வேலை செய்பவர்கள், புத்தகம் கட்டுபவர்கள் எல்லாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். நாங்கள் போன இடத்தை நடத்துபவர் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, அப்பாவிடமிருந்து தொழில் கற்றவர். ஒரு நீள மேசை, சுவரில் வரிசையாகக் கருவிகள், மேலே பரணில் சுருட்டி வைத்த தோல்கள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவோம், அதனால் அவர் ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து நின்று சொல்லிக் கொடுக்க நேரம் இருந்தது.

கருவியைத் தொடவே விடவில்லை முதலில். ஒரு முழுத் தோலை மேசை மேல் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொன்னார். முதுகுப் பக்கம் கெட்டியாக, ஒரே சீராக இருக்கிறது. வயிற்றுப் பக்கம் வர வர விரலுக்கு அடியில் தளர்ந்து போகிறது. இழுத்துப் பார்த்தால் ஒரு திசையில் நன்றாக நீள்கிறது, குறுக்கே இழுத்தால் அவ்வளவாக நீள்வதில்லை. கார்டு வைக்கும் பையை எந்தத் திசையில் வெட்டுவது என்பதையே இது தீர்மானிக்கிறது, தப்பான திசையில் வெட்டினால் சில மாதத்தில் வாய் தொளதொளத்துக் கார்டு நழுவ ஆரம்பித்துவிடும். கழுத்துச் சுருக்கம், பூச்சி கடித்த தழும்பு, நரம்பு ஓடிய தடம் எல்லாவற்றையும் விரலால் தொட்டுக் காட்டி, இதையெல்லாம் மறைக்கத்தான் மேலே கனமாகப் பெயின்ட் பூசுகிறார்கள், பூசினால் தோல் மூச்சுவிடாது என்றார். எனக்கு மாமா ஞாபகம்தான் வந்தது. அவர் தினமும் தேடுவதும் இதே தழும்புகளைத்தான், ஆனால் கழித்துக் கட்டுவதற்காக.

அந்தத் தோல் புளோரன்ஸுக்கும் பீசாவுக்கும் நடுவில் இருக்கும் சான்டா குரோசே சுல் ஆர்னோ என்ற ஊரில் பதனானது. நம் ஆம்பூர், ராணிப்பேட்டை மாதிரி அங்கே ஊரே தோல் தொழிலில் இருக்கிறது. செஸ்ட்நட் மரம், தென் அமெரிக்காவிலிருந்து வரும் கெப்ராச்சோ மரம், மிமோசா பட்டை, இவற்றிலிருந்து எடுத்த சாறுகளில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுப் பதனிடுகிறார்கள். அந்த அம்மா ஒரு கண்ணாடி ஜாடியைத் திறந்து மிமோசாத் தூளை எங்கள் கையில் கொட்டினார். செம்மண் நிறம், நாக்கில் வைத்தால் துவர்க்கும் என்றார், வைத்துப் பார்த்தேன், துவர்த்தது. அது வேறொன்றுமில்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நட்டார்களே வாட்டில் மரம், நீலகிரிப் பக்கம் சீகை மரம் என்பார்களே, அதன் பட்டைதான்.

இந்த இடத்தில் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் ஆவாரம்பட்டை போட்டுத்தான் பதனிடுவார்கள், கடைசியில் கடுக்காய் போட்டு நிறத்தை நிறுத்துவார்கள், பிறகு ஆவாரம்பட்டைக்குப் பதில் இதே வாட்டில் வந்தது, அந்தத் தோலுக்கு ஈ.ஐ. லெதர் என்று பெயர், இன்று புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். சென்னையிலிருந்து கப்பலேறி ஐரோப்பா வரை போன சரக்கு அது, ஈஸ்ட் இந்தியா என்பதன் சுருக்கம்தான் அந்த ஈ.ஐ. அந்த அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டு, அப்படியானால் உங்கள் ஊரில் இதை வைத்து என்ன செய்கிறார்கள் என்றார். ஏற்றுமதி செய்கிறோம் என்றேன். நான் சொன்னது சரிதான், ஷூவும் செருப்பும் தைத்து அனுப்பும் பெரிய கம்பெனிகள் ஆம்பூரில் நிறைய இருக்கின்றன. ஆனால் அவர் கேட்டது அதை இல்லை என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

குரோமியம் போட்டுப் பதனிடுவதற்கு அமெரிக்காவில் 1884இல் காப்புரிமை எடுத்தார்கள். அதன் பிறகு வாரக்கணக்கில் ஆன வேலை ஒரு நாளில் முடிய ஆரம்பித்தது, இன்று உலகத்தில் பெரும்பாலான தோல் அப்படிப் பதனிட்டதுதான். அது மட்டமான தோல் என்று நான் சொல்லமாட்டேன். மெத்தென்று இருக்கும், தண்ணீர் பட்டால் சீக்கிரம் கெடாது, ஷூவின் மேல்பாகத்துக்கும் ஜாக்கெட்டுக்கும் அதுதான் சரி. ஆனால் கையால் அச்சுக் குத்தவும், நனைத்து வளைத்து வடிவம் கொண்டுவரவும், ஓரத்தைத் தேய்த்து மெருகேற்றவும் மரப்பட்டைச் சாறில் பதனிட்ட பட்டைத் தோல்தான் கேட்கும். வித்தியாசம் பார்க்க வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பெயின்ட் பூசி மூடாமல் இருந்தால் குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் ஒரு நீலச் சாம்பல் கோடு தெரியும், பட்டைத் தோல் உள்ளேயும் பழுப்பாகவே இருக்கும். பட்டைத் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கறுத்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அதே நேரம், மரப்பட்டை என்பதால் மாசே கிடையாது என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். குரோமோ பட்டையோ, அதற்கு முன்னால் உப்பிட்ட தோலைக் கழுவ வேண்டும், சுண்ணாம்பும் சல்ஃபைடும் போட்டு முடியை எடுக்க வேண்டும், அந்தத் தண்ணீர் எங்காவது போயாக வேண்டும். பாலாற்றங்கரையில் வளர்ந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு சொன்ன வழக்குகளில் ஒன்று எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளைப் பற்றியது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு.

சரி, வேலைக்கு வருகிறேன். அட்டையில் வெட்டிய மாதிரியைத் தோல் மேல் வைத்து, குத்தூசி முனையால் கோடு கீறி, இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். கத்தி அவ்வளவு கூர்மை. ஒவ்வொரு முறையும் வெட்டுவதற்கு முன் அந்த அம்மா கத்தியை ஒரு தோல் பட்டையில் நான்கைந்து தடவை தீட்டிவிட்டுத்தான் கொடுத்தார். வெட்டிய பிறகு ஓரங்களைச் சீவ வேண்டும், பார்ப்பவர்களுக்குத் தெரியாத வேலை இது. 1.2 மில்லிமீட்டர் தோல் நான்கு அடுக்கு சேர்ந்தால் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் கனம் வந்துவிடும், பர்ஸ் சட்டைப் பையில் செங்கல் வைத்தாற்போல் துருத்தும். அதனால் அடுக்குகள் சேரும் இடத்தில் மட்டும் பின்பக்கமிருந்து பாதிக் கனத்துக்குச் சீவி எடுக்கிறார்கள். மெல்லிய சுருளாகச் சீவல் வந்து மேசையில் விழும்போது அக்கா வாயைத் திறக்காமல் வேலை செய்துகொண்டிருந்தாள், அது அவளுக்கு வழக்கமில்லை.

ஒட்டி, காய்ந்து, ஓட்டை போடும் வேளை வந்தது. முள்கரண்டி மாதிரிப் பல பற்கள் உள்ள இரும்பு, பற்கள் எல்லாம் லேசாகச் சாய்ந்திருக்கும். அதைக் கோட்டின் மேல் வைத்து மரக் கொட்டாப்புளியால் அடிக்க, அடுத்த அடிக்கு ஒரு பல்லை முந்தைய கடைசி ஓட்டையில் வைத்துத் தொடர வேண்டும். இடைவெளி மாறாமல் இருப்பது அப்படித்தான்.

அப்புறம் தையல். இதை நான் விரிவாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் கைத்தையல் என்று சந்தையில் சொல்லி விற்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் எனக்கு அங்கேதான் தெரிந்தது. தைக்க வேண்டிய நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூல் எடுத்து, தேன்மெழுகுக் கட்டியின் மேல் இழுத்து இழுத்து மெழுகேற்ற வேண்டும். நூலின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி, முனை மழுங்கிய ஊசி, ஓட்டை ஏற்கெனவே இருப்பதால் கூர்மை தேவையில்லை. தோலை மரக் கிடுக்கியில் செருகி, கிடுக்கியைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார வேண்டும், அப்போது இரண்டு கையும் சும்மா இருக்கும். ஒரு ஊசி இந்தப் பக்கமிருந்து போகும், அதே ஓட்டையில் இன்னொரு ஊசி அந்தப் பக்கமிருந்து வரும், இரண்டு நூலையும் ஒரே அளவு விசையோடு இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். எந்த ஊசி முதலில், எது மேலே, எது கீழே என்ற வரிசை கடைசி வரை மாறக்கூடாது. வரிசை மாறாவிட்டால் தையல் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து, ஒரு கையெழுத்து போல வரும். தையல் இயந்திரத்தில் மேல் நூலும் கீழ் நூலும் நடுவில் கொக்கி போட்டுக்கொள்ளும், ஒரு இடத்தில் அறுந்தால் பக்கத்தில் இருப்பதும் தளர்ந்துகொண்டே போகும். இந்தத் தையலில் ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு நூலும் முழுசாகக் கடந்து போகின்றன, ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். குதிரைச் சேணம் தைக்க இதைப் பயன்படுத்தினார்கள் என்றால் காரணம் அதுதான், ஓடும் குதிரை மேல் தையல் விட்டால் ஆள் போய்விடுவார்.

ஒரு சின்ன கார்டு ஹோல்டரின் இரண்டு ஓரம் தைக்கவே பொழுது போய்விடுகிறது. விரல் மடிப்பில் நூல் பதிந்து சிவந்துவிடும். ஆனால் பாதியைத் தாண்டியதும் கைகள் தானாகவே போக ஆரம்பித்தன, ஊசி, ஊசி, இழு, ஊசி, ஊசி, இழு. அந்த நேரத்தில் நான் ஒரு தடவைகூட போனைப் பார்க்கவில்லை.

கடைசி வேலை ஓரம். வெட்டிய ஓரத்தின் கூரான விளிம்பை ஒரு சின்னக் கருவியால் இழைத்து எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் தொட்டு, டிராகாகாந்த் என்ற செடிப் பிசினைத் தடவி, பள்ளம் வெட்டிய ஒரு மரத்துண்டால் வேகமாகத் தேய்க்க வேண்டும். முதலில் பிசுபிசு என்று இருக்கும், ஒன்றும் நடக்கிற மாதிரியே தெரியாது. தேய்த்துக்கொண்டே இருந்தால் சூடு ஏறி, நார்கள் படிந்து, நான்கு அடுக்கும் ஒரே தோல்தானோ என்று நினைக்கும்படி சேர்ந்து, வழுவழுவென்று மின்னுகிறது. அந்த அம்மா என்னுடையதை வாங்கிக் கட்டைவிரலால் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடி தேய்த்தேன், மறுபடி பார்த்தார், தலையாட்டினார். அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் பையைத் திறந்து பார்ப்பதற்கு முன் ஓரத்தைத்தான் தடவிப் பார்க்கிறேன். பிளாஸ்டிக் மாதிரிக் கனமாகப் பெயின்ட் பூசி மூடியிருக்கிறதா, தேய்த்து மெருகேற்றியதா, அது தெரிந்தால் மீதி வேலையை எவ்வளவு அக்கறையாகச் செய்திருப்பார்கள் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

இப்போது, மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். இடைக்காலப் புளோரன்ஸில் 21 தொழில் சங்கங்கள் இருந்தன. ஃபர் எனப்படும் ரோமத் தோல் வேலை செய்பவர்களின் சங்கம் ஏழு பெரிய சங்கங்களில் ஒன்று, தோல் பதனிடுபவர்களின் சங்கம் பதினான்கு சிறிய சங்கங்களில் ஒன்று. நகர ஆட்சியில் பங்கு கேட்கும் இடத்தில் இருந்த சங்கங்கள் இவை. அங்கேயும் வாடை அடிக்கும் வேலையை ஆற்றங்கரைப் பக்கம்தான் தள்ளி வைத்தார்கள், புளோரன்ஸுக்குள்ளேயே இருக்கும் சான்டா குரோசே தேவாலயத்தின் பக்கத்தில் தோல் பதனிடுபவர் தெரு இன்னமும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் வேலை தள்ளிப் போனது, வேலை செய்தவனின் பேரப்பிள்ளை வரைக்கும் தள்ளி வைக்கப்படவில்லை. நம் ஊரில் நடந்தது வேறு. தோலைத் தொட்டவனை ஊருக்கு வெளியே வைத்தோம், அவன் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு அவன் தெருவுக்குள் போக மறுத்தோம், பறைக்குத் தோல் கட்டியவனை அந்தக் காரணத்துக்காகவே இழிவாகப் பேசினோம். அதே வேலையை நூறு யூரோவுக்கு மேல் கொடுத்து இத்தாலியில் கற்றுக்கொண்டு, போட்டோ எடுத்துப் போட்டால் நூறு பேர் சூப்பர் என்கிறார்கள். எனக்கு இது உறுத்துகிறது, உறுத்த வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

ஊருக்கு வந்த பிறகு வாணியம்பாடி பஸ் ஸ்டாண்ட் பக்கம் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் அந்தக் கார்டு ஹோல்டரைக் காட்டினேன். "பாருங்கண்ணே, நான் தைச்சது" என்று கொடுத்தேன். கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். தையலை நகத்தால் நிமிண்டி, திருப்பி, அந்தப் பக்கத்தையும் பார்த்து, "ரெண்டு ஊசி போட்டிருக்கீங்க" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்குதே பாப்பா. நான் கொக்கி ஊசில இழுப்பேன், அது சீக்கிரம். இதுக்கு நேரம் ஆவும்" என்று சொல்லிவிட்டு, அவர் இழுக்கும் விதத்தையும் காட்டினார். குத்தி, கீழே நூலைக் கொக்கியில் மாட்டி, மேலே வளையமாக இழுத்து, அதற்குள் மறு நூலைவிட்டு இறுக்குவது. பக்கத்தில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அவர் கண் எடுக்காமல் நான்கைந்து தையல் போட்டார், அத்தனையும் ஒரே இடைவெளி, கோடு கிழிக்கவில்லை, அளவு பார்க்கவில்லை. எத்தனை வருஷமாச்சுண்ணே என்றதற்கு, சின்ன வயசுலேர்ந்து என்றார். உலகத்திலேயே பேர் வாங்கிய தோல் எங்கள் ஊரில் இருக்கிறது, இந்தக் கையும் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காசு கொடுத்து இவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஒரு மேசை ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ வேண்டும், அதில் வரும் காசு இவர் பெயரில் வர வேண்டும். தோல் சங்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் யோசிக்கட்டும்.

புளோரன்ஸ் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வகுப்பு பதிவு செய்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள், தோலை நாங்களே வெட்டுவோமா, தையல் கையாலா. ஏற்கெனவே வெட்டி ஓட்டை போட்ட துண்டுகளைக் கொடுத்து, பெயரை அச்சுக் குத்தச் சொல்லி ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. குழந்தைகளோடு போனால் அது நல்ல பொழுதுபோக்கு, ஆனால் தொழில் அதில் தெரியாது. பெல்ட் செய்யும் வகுப்பு சீக்கிரம் முடியும், தையல் குறைவு. பர்ஸோ கார்டு ஹோல்டரோ எடுத்தால்தான் சீவுவது, ஒட்டுவது, தைப்பது, ஓரம் தேய்ப்பது எல்லாம் கையில் வரும். நகம் நீளமாக இருந்தால் வெட்டிக்கொண்டு போங்கள். குத்தூசியோ கத்தியோ வாங்கினால் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள்.

வகுப்புக்கு நேரமில்லை என்றால் சான்டா குரோசே தேவாலயத்தை ஒட்டியிருக்கும் ஸ்கோலா டெல் குவோயோ, அதாவது தோல் வேலைப் பள்ளி, அங்காவது போய்விடுங்கள். போரில் அனாதையான பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழில் வேண்டும் என்று பிரான்சிஸ்கன் துறவிகள் இரண்டு தோல் தொழில் குடும்பங்களோடு சேர்ந்து 1950இல் ஆரம்பித்தது. துறவிகள் முன்பு தூங்கிய நீளமான தாழ்வாரத்தில் மேசை போட்டு வேலை செய்கிறார்கள், பக்கத்தில் நின்று பார்க்கலாம். சூடாக்கிய பித்தளை அச்சால் தோல் மேல் தங்க ரேக்கை பதிப்பதைப் பார்க்க முடிந்தால் விட்டுவிடாதீர்கள். மிக்கேலாஞ்சலோ, கலிலியோ கல்லறைகளைப் பார்க்கத் தேவாலயத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். பள்ளிக்கு மட்டும் போவதானால் தேவையில்லை, பின்பக்கம் வியா சான் ஜுசெப்பே தெருவில் தனி வாசல் இருக்கிறது.